முழங்கால் வலியுள்ள அப்பாவோடு ஃபார்ம்பியில் நடக்கலாமா?

கேள்வி: நாங்கள் மான்செஸ்டரில் இருக்கிறோம், கார் இல்லை. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு, ஆனாலும் நடக்க ஆசைப்படுகிறார். மகளுக்கு ஐந்து வயது. கடலும் காடும் சேர்ந்த இடம் என்று லிவர்பூலுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் ஃபார்ம்பியைச் சொன்னார்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற மாதிரி சின்னச் சுற்று ஒன்று உண்டா? மணல் அப்பாவுக்கு ஒத்துவருமா?

பதில்: தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்ற இறக்கம் குறைவான இடம். அப்பாவைச் சோதிக்கப்போவது தூரம் அல்ல, காய்ந்த மணல்தான். கால் புதையப் புதைய நடந்தால் நூறு மீட்டரிலேயே முழங்கால் முறையிடத் தொடங்கிவிடும். அதே கடற்கரையில் அலை நனைத்துவிட்டுப் போன மணல் தார்ச்சாலை போல இறுகிக் கிடக்கும். ஆகவே காய்ந்த மணலில் நடப்பதைக் குறைத்து, ஈர மணல் கிடைக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.

அதற்கு நாள் பார்ப்பது முக்கியம். சென்னையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். நாம் அதைக் கவனிப்பதே இல்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த வித்தியாசம் 8 மீட்டரையும் தாண்டும். அந்த நாட்களில் நண்பகல் வாக்கில் கடல் மணல்மேட்டின் அடிவரை ஏறி நிற்கும். நடக்க மிஞ்சுவது காய்ந்த மணல் மட்டுமே. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் நண்பகலில் கடல் உள்வாங்கியிருக்கும். அம்மாவிடம் தினசரி நாட்காட்டி இருந்தால் அவரையே நாள் குறிக்கச் சொல்லுங்கள். கிளம்புவதற்கு முன் அன்றைய ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரத்தை, இணையத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். ஆனால் கடல் உள்வாங்கிவிட்டதே என்று வெகுதூரம் உள்ளே போகக் கூடாது. அங்கே கால் அமிழும் சேறு உண்டு. திரும்பி வரும் தண்ணீர் பின்பக்கமாகச் சூழ்ந்துகொள்ளும்.

ரயிலுக்கு லிவர்பூல் வழியை விட சவுத்போர்ட் வழி உங்களுக்கு நல்லது. லிவர்பூலில் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய் மாற வேண்டும். சவுத்போர்ட்டில் அதே நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். அங்கிருந்து நான்காவது நிறுத்தம் ஃப்ரெஷ்ஃபீல்ட். ஃபார்ம்பிக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். நிலையத்திலிருந்து விக்டோரியா சாலையில், இந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் நுழைவாயில் வரை ஒன்றரை கிலோமீட்டர். சமதளம்தான், ஆனாலும் போக வர மூன்று கிலோமீட்டர் ஆகிவிடும். அப்பாவின் கால் பலத்தை அதில் செலவழிக்க வேண்டாம், டாக்சி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சுற்று. எல்லோரும் கடலைப் பார்த்ததும் நேராக அங்கே போய்விடுகிறார்கள். என் மாமியாரை முதன்முறை அழைத்துப்போனபோது நானும் அப்படித்தான் செய்தேன். கடற்கரையில் தெற்கே நடந்தோம். எதிர்க்காற்றும் மணலும் முகத்தில் அறைந்து, காட்டுக்குள் வருவதற்குள் அவர் களைத்துப்போனார். இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும். எனவே தெற்கே போவதைக் காட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மரங்கள் காற்றைத் தடுத்துவிடும். திரும்பி வடக்கே வருவது கடலோரமாக இருக்கட்டும். கடல் இடக்கைப் பக்கம் இருக்கும், காற்று முதுகில் தள்ளிக்கொடுக்கும். நுழைவாயிலிலிருந்து மொத்தச் சுற்றை மூன்று கிலோமீட்டருக்குள் அடக்கிக்கொள்ளலாம். கழிப்பறை கார் நிறுத்தும் இடத்தருகே மட்டும்தான். கிளம்பும்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

காட்டில் அவசரமே வேண்டாம். மகளுக்கு ராமர் கோடு போடாத செந்நிற அணிலைக் காட்டலாம். இங்கிலாந்தின் பூர்வீக அணில் இதுதான். 1876இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சாம்பல் அணில், உணவுக்குப் போட்டியானதோடு ஓர் அம்மை நோயையும் பரப்பி, நாட்டின் பெரும்பகுதியிலிருந்து இதை ஒழித்துவிட்டது. 2008இல் அந்த நோய் ஃபார்ம்பிக்குள்ளும் புகுந்து, இங்கிருந்த அணில்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. பிழைத்தவற்றிலிருந்து மெல்லப் பெருகியவைதான் இப்போது நீங்கள் பார்க்கப்போகிறவை. அதனால் அவற்றுக்கு வேர்க்கடலை எதுவும் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஓரிடத்தில் கூடித் தின்றால் நோய் சுலபமாகத் தொற்றும். காலையில் சத்தமில்லாமல் பத்து நிமிடம் நின்றாலே மரத்தில் நகம் கீறும் ஓசை கேட்கும்.

இந்தப் பைன் மரங்கள் தானாக முளைத்தவை அல்ல. மணல் பறப்பதைத் தடுக்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நட்டவை. நம் கடற்கரையில் சவுக்கு நடுவது போலத்தான். தெற்கே போகும் வழியில் பழைய அஸ்பாரகஸ் வயல்கள் வரும். மணல்மேட்டைச் சமப்படுத்திப் பயிரிட்ட இடங்கள் அவை. அந்தச் செடி நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு உறவு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் மணல்மேடுகள். பலர் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். நம் ஊரில் அடும்பும் இராவணன் மீசையும் செய்கிற வேலையை இங்கே மாரம் புல் செய்கிறது. அதன் வேர்தான் மணலைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கிறது, மிதித்தால் செத்துவிடும். கடல் இந்த முனையை ஆண்டுக்கு ஏறக்குறைய 4 மீட்டர் அரித்துக்கொண்டிருக்கிறது. செங்குத்தான மணல் சுவர் எப்போது வேண்டுமானாலும் சரியும், அதன் அடியில் மகளைக் குழி தோண்டி விளையாட விடாதீர்கள். அரிப்பால் பழைய சேற்றுப் படிவம் சில நேரம் வெளியே தெரியும். அதில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த மனிதர்கள், மான்களின் கால்தடங்கள் பதிந்திருக்கின்றன. கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்; மேலே கால் வைக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடலோரத்தில் ஈர மணலுக்கு இறங்கியபின் அப்பாவுக்குச் சுகமாக இருக்கும். கடைசியில் விக்டோரியா சாலைக்கு ஏற மீண்டும் ஒருமுறை காய்ந்த மணலைத் தாண்ட வேண்டும். அங்கே ஓர் ஊன்றுகோல் பெரிய துணை. வழியிலேயே வலி கூடிவிட்டால் அவர் வயல்களின் பக்கமிருந்து வந்த காட்டுப்பாதையிலேயே திரும்பிவிடலாம், துணைக்கு நீங்கள் போங்கள். அம்மாவும் மகளும் மட்டும் கடல்வழியாக வந்து விக்டோரியா சாலையில் உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும்.