பழைய டிவி கேமில் டக்டேல்ஸ்: கைத்தடிக் குதி வரவில்லை, ஆப்பிரிக்கச் சுரங்கம் திறக்கவில்லை, என்ன செய்வது?

பரணிலிருந்து இறக்கிய டிவி கேமில் டக்டேல்ஸ் கேசட் ஓடுது, ஆனா நாம ஆட்டுற வாத்துத் தாத்தா ஸ்க்ரூஜ் கைத்தடியில் குதிக்க மாட்டேங்கறார், ஆப்பிரிக்கச் சுரங்கத்துக்குள்ள விட மாட்டேங்குது, எங்க சேவ் பண்றதுன்னும் தெரியலைன்னு கேட்டிருக்கீங்க. மூணுக்கும் விடை இருக்குதுங்க. முதல்ல குதி. அது கைக்கு வராம மத்த எதுவும் நடக்காது.

1987-ல வந்த கார்ட்டூன் தொடரை வெச்சு 1989-ல கேப்காம்ங்கிற ஜப்பான் கம்பெனி பண்ணின ஆட்டம் இது. நம்ம பக்கம் தூர்தர்ஷன்ல இந்தியில பார்த்தவங்களுக்கு அந்தத் தொடர் ஞாபகம் இருக்கும். கதையெல்லாம் அதிலிருந்து அப்படியே எடுத்தது இல்லை. ஆளுங்களை மட்டும் எடுத்துக்கிட்டு, கைத்தடியை ஊன்றி ஸ்பிரிங் மாதிரி துள்ளுற வித்தையை ஸ்க்ரூஜ் கையில குடுத்தாங்க. அந்த ஒரு வித்தை மேலதான் மொத்த ஆட்டத்தையும் கட்டியிருக்காங்க.

கன்ட்ரோலர்ல ஏ பட்டனை அமுக்கி எகிறுங்க. கால் தரையை விட்ட பிறகு, கீழ்த்திசையையும் பி-யையும் சேர்த்து அமுக்கிப் பிடிங்க. தடி காலுக்கடியில வந்துரும். ஒரு தடவை துள்ள ஆரம்பிச்சுட்டா கீழ்த்திசையை விட்டுரலாம், பி-யை மட்டும் விடக்கூடாது. பி-யை விட்டா துள்ளல் நின்னு போகும். தரையில நிக்கும்போதே கீழ்த்திசையை அமுக்கினா குனிவார், அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேருக்கு வராம போறது இதனாலதான்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. நம்மூர்ல வித்த கன்ட்ரோலர்கள்ல ஏ, பி-க்கு மேல இன்னும் ரெண்டு டர்போ பட்டன் இருக்கும். டர்போ பி-யை அமுக்கிப் பிடிச்சாலும், உள்ளுக்குள்ள அது பி-யை விட்டு விட்டு அமுக்குது. இந்தக் குதிக்கோ விடாம பிடிக்கணும். அதனால ஒரு துள்ளு துள்ளிட்டு இறங்கிருவார். சாதா பி-யையே பயன்படுத்துங்க. அப்பவும் வரலைன்னா கன்ட்ரோலர் பின்பக்க ஸ்குரூக்களைக் கழட்டிப் பாருங்க. திசைப் பட்டனுக்கு அடியில இருக்கிற ரப்பரோட கருப்புப் பொட்டு தேய்ஞ்சிருந்தா, எவ்வளவு அழுத்தினாலும் கீழ்த்திசை பதியாது. அழுக்கு மட்டும்தான்னா பஞ்சுல ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, ரப்பரையும் பலகையில அது படுற இடத்தையும் துடைச்சா சரியாயிரும்.

சாதா தாவலை விடக் கைத்தடிக் குதி உயரம் அதிகம். எதிரி தலை மேல விழுந்தா எதிரி காலி, முள்ளு மேலயும் அடிபடாம துள்ளிப் போயிரலாம். பனிமலையில மட்டும் கவனமா இருங்க. அங்க மெத்துன்னு இருக்கிற பனியில தடியோட இறங்கினா ஸ்க்ரூஜ் சிக்கிக்குவார். அந்த நேரம் எதிரி வந்தா அடிதான். அந்தத் தரையில நடந்தோ சாதாவாத் தாவியோ போங்க.

தடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கல்லோ பெட்டியோ பக்கத்துல இருந்தா, அதை ஒட்டி நின்னு அந்தப் பக்கமே திசைப் பட்டனை அழுத்துங்க. ஸ்க்ரூஜ் தடியை ஓங்கி நிப்பார். அப்ப பி அடிச்சா கில்லி பறக்கிற மாதிரி கல்லு பறக்கும். ஐஸ்கிரீம் எடுத்தா ஒரு இதயம் ஏறும், கேக் எடுத்தா முழுசும் நிரம்பும்.

அடுத்தது ஆப்பிரிக்கச் சுரங்கம். கேசட்ல கோளாறு இல்லைங்க. அதுக்கான சாவி டிரான்சில்வேனியாக் கோட்டையில இருக்குது, அதை எடுத்துட்டு வந்தாத்தான் வழி விடும். ஆட்டத்துல இருக்கிற அஞ்சு இடத்தையும் எந்த வரிசையில வேணாலும் ஆடலாம்னாலும் டிரான்சில்வேனியாவை முதல்லயே முடிச்சுருங்க. அங்க சில சுவர் வெறும் தோற்றம்தான், உள்ள நடந்தே போயிரலாம். கண்ணாடிகள் வேற இடத்துக்குக் கொண்டு போய் விடும். நிலாவுலயும் இதே மாதிரி ஒரு பூட்டு இருக்கு. பறக்கும் கப்பலுக்குள்ள இருக்கிற ரிமோட்டை எடுத்தாத்தான் இயந்திரக் கவசம் போட்ட வாத்து கிஸ்மோடக் வந்து சுவரை உடைப்பார். அஞ்சு புதையலும் சேர்ந்த பிறகு திரும்பவும் டிரான்சில்வேனியாவுக்கே வரச் சொல்லும். கடைசி எதிரியை ஜெயிச்சதும் கன்ட்ரோலரைக் கீழ வெச்சுராதீங்க. கயித்துல ஏறிப் புதையலை முதல்ல தொடணும், ஸ்க்ரூஜோட போட்டிக்காரர் கிளாம்கோல்டு முந்திட்டா போச்சு.

சேவ் கிடையாதுங்க, பாஸ்வேர்டும் கிடையாது. ஒரே மூச்சுல முடிக்கணும். கரண்ட் போனா முதல்ல இருந்துதான். தோட்டத்து வீடா இருந்தா போர் மோட்டார் போடுற நேரம் பார்த்து உக்காருங்க. மோட்டார் எடுக்கும்போது மின்னழுத்தம் இறங்கினா, பலமில்லாத அடாப்டர்ல பெட்டி ரீசெட் ஆயிரலாம். அடாப்டர் தொலைஞ்சு போச்சுன்னு மோடத்து அடாப்டரை எடுத்துச் செருகிராதீங்க. இந்த மாதிரிப் பெட்டிகள் பலதுக்கும் அடாப்டர் பின்னோட நடுமுனை மைனஸ், மோடத்துக்குப் பெரும்பாலும் பிளஸ். பெட்டி அடியில வட்டக் குறி போட்டிருக்கும், அதையும் வோல்ட்டையும் பார்த்து வாங்குங்க. கோவை காந்திபுரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடையில பெட்டியையே காட்டிக் கேக்கறது நல்லது.

படம் கட்டம் கட்டமா வந்தா கேசட் வாயில ஊதாதீங்க. எச்சில் ஈரம் பட்டுப் பட்டுத்தான் முனைங்க கறுக்குது. பென்சில் அழிப்பானால லேசா தேய்ச்சு, ஆல்கஹால்ல துடைச்சு, முழுசாக் காய்ஞ்ச பிறகு செருகுங்க. வெளிநாட்டுல கேசட் வாங்கற யோசனை இருந்தா பின் எண்ணிக்கையைப் பாருங்க. அமெரிக்கக் கேசட் 72 பின், நம்ம பெட்டிக்கு 60 பின், இடையில கன்வெர்ட்டர் இல்லாம உக்காராது.

பையன் கம்ப்யூட்டர்ல ஆடட்டும்னா, 2017-ல வந்த டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்‌ஷன் வாங்கிக் குடுங்க. இதே பழைய ஆட்டம்தான், நடுவுல சேவ் பண்ணலாம், தப்புப் பண்ணினா பின்னால ஓட்டலாம். ஆனா கை பழக ஒரு நாள் ஆகும். நம்ம டிவிக்குன்னு வந்த பெட்டியில நொடிக்கு 50 காட்சி, அதுல 60. பெட்டியில 12 நொடி எடுக்கிறது அங்க 10 நொடியில முடிஞ்சுரும். பாட்டும் வேகமாத்தான் கேக்கும். 2013-ல இதே ஆட்டத்தைப் புதுசா வரைஞ்சு விட்ட ரீமாஸ்டர்டு வேற சங்கதி. அதுல ஒரே பட்டனைப் பிடிச்சாலே குதி வந்துரும், பழைய முறைதான் வேணும்னா செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம். ஆனா ஒவ்வொரு இடத்துலயும் தேடி எடுக்க வேண்டிய பொருளெல்லாம் புதுசாச் சேர்த்திருக்காங்க. கடைசி இடமும் எரிமலைக்கு மாறியிருக்கு, அதனால நான் மேல சொன்ன வழி அதுக்குப் பொருந்தாதுங்க.