ஹம் தேருக்குப் போக எத்தனை தரம் சார்ஜ் போட வேண்டும்?

இம்முறை வந்த கேள்விகளில் அரைவாசிக்கு மேல் மின்சாரக் காரில் தூரப் பயணம் போவது பற்றியவை. கோடை விடுமுறையும் கோயில் திருவிழாக்களும் நெருங்குவதால் முழுப் பக்கத்தையும் அதற்கே தருகிறேன். ஒரு யூனிட் என்று நான் எழுதுவது ஒரு கிலோவாட் மணி. வெறும் கிலோவாட் என்றால் மின்சாரம் ஏறும் வேகம்.

கேள்வி: அக்கா, முதன்முதலாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறோம். 77 யூனிட் பற்றரி. மாமா மாமியையும் ஏற்றிக்கொண்டு ஜேர்மனியில் உள்ள ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போக விருப்பம். 600 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. வழியில் நின்றுவிடுவோமோ என்று இவருக்குப் பயம். எத்தனை தரம் சார்ஜ் போட வேண்டும்? – ஒரு வாசகி, பேர்ண்

பதில்: இரண்டு தரம் போதும், தங்கச்சி. நானும் உங்களுடையதைப் போன்ற பற்றரியோடு நான்கு வருடமாக இதே வழியால்தான் போய் வருகிறேன்.

மணிக்கு 120இல் போனால் இப்படியான காருக்கு 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் அளவில் போகும். வீட்டில் இரவிரவாக நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டால், பற்றரியில் 15 சதவீதம் மிச்சம் இருக்கும்போது 300 கிலோமீட்டரைத் தாண்டியிருப்பீர்கள். பாசல், ஃப்ரைபூர்க் எல்லாம் கழிந்து கார்ல்ஸ்ரூவுக்குக் கிட்ட வந்துவிடும். முதல் நிறுத்தம் அங்கே. 70 சதவீதம் வரை போடுங்கள், நல்ல சார்ஜரில் இருபது இருபத்தைந்து நிமிடம். அது பிராங்பேர்ட்டைக் கடந்து கீசன் பக்கம் வரை காணும். அங்கே இன்னொரு தரம் அதே அளவு போட்டால் ஹம் வந்துவிடும்.

மூன்று மணித்தியாலம் ஒரே இருக்கையில் இருந்தால் மாமிக்கு முழங்கால் பிடித்துவிடும். என் அம்மா இப்போதெல்லாம் சார்ஜ் போடும் இடத்துக்காகக் காத்திருக்கிறார். இறங்கி, காரைச் சுற்றி நாலு தரம் நடந்து, பிளாஸ்கில் இருக்கும் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவும் 70 வரவும் சரியாக இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். சார்ஜ் போடும் இடத்தைத் தெரிவு செய்யும்போது அங்கே எத்தனை சார்ஜர் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டே இரண்டு உள்ள இடத்தை நம்பி 5 சதவீதத்தோடு போய் இறங்காதீர்கள். எட்டு, பத்து உள்ள இடங்கள் அந்த வழியில் தாராளமாக இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கிய நெடுஞ்சாலைகளில் 60 கிலோமீட்டருக்கு ஒரு வேகச் சார்ஜ் நிலையம் இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது 150 கிலோவாட் தர வேண்டும் என்பது சட்டம். அதற்கான கெடு 2025 முடிவு.

அப்புறம், தேரன்று காலையில் ஹம்முக்குள் போய்ச் சார்ஜ் தேடாதீர்கள். முதல்நாளே போய் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்குவீர்கள்தானே? அவர்களுடைய சாதாரணச் சுவர் பிளக்கில் இரவு முழுக்கப் போட்டாலே 20 யூனிட்டுக்கு மேல் ஏறும். 100 கிலோமீட்டர் ஓட அது காணும். வயர் எட்டவில்லை என்று சுருட்டி வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துப் போட வேண்டாம். பத்து மணித்தியாலம் கரண்ட் போனால் அந்தச் சுருள் சூடேறி உருகும். காலையில் மின்சாரக் காசைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். உறவுக்கு நல்லது.

கேள்வி: சார்ஜரில் 350 கிலோவாட் என்று எழுதியிருந்தது. எனக்கு 120தான் வந்தது. பிறகு அதுவும் குறைந்து குறைந்து, 100 சதவீதம் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. என்னை ஏமாற்றுகிறார்களா? – ஒரு வாசகர், பாரிஸ்

பதில்: ஏமாற்றவில்லை ஐயா. 350 என்பது அந்த சார்ஜரால் தரக்கூடியது. எவ்வளவு எடுப்பது என்பதை உங்கள் கார்தான் தீர்மானிக்கிறது. ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்ற 800 வோல்ட் கார் அந்த சார்ஜரில் 10இலிருந்து 80 வரை 18 நிமிடத்தில் ஏறும். 400 வோல்ட் கார் அந்த வேகத்துக்கு வராது.

குறைந்துகொண்டு போவதும் கார் செய்கிற வேலைதான். பற்றரி நிரம்பி வரும்போது பலமாகக் கரண்டைத் தள்ளினால், பற்றரியில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் போக வேண்டிய லித்தியம் உள்ளே போகாமல் வெளியே உலோகமாகப் படிந்துவிடும். அது பற்றரியைக் கெடுக்கும். அதனால் கார் தானாகவே கையை இறுக்கிவிடுகிறது.

என் காரில் நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் கணக்கு இது: 20 சதவீதத்தில் 140 கிலோவாட், 60இல் 95, 80இல் 65, 90இல் 35. 15இலிருந்து 70 வரை 22 நிமிடம். 80இலிருந்து 100 வரை 35 நிமிடம். இதைப் பார்த்த பிறகு நான் பயணத்தில் ஒருநாளும் 80ஐத் தாண்டிப் போடுவதில்லை. அந்த 35 நிமிடத்தில் அடுத்த நிலையத்துக்குப் பாதி வழி போய்விடலாம். பின்னால் காத்திருக்கும் குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: இரண்டு வயர் உள்ள சார்ஜர்கள் பலவற்றில் இரண்டு கார் நின்றால் மின்சாரம் பங்கு போகும். யாரும் இல்லாததாகப் பார்த்து நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரே சார்ஜரில் என் தம்பி கட்டிய காசைவிட நான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கட்டினேன். இது எப்படி? – ஒரு வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: இந்தக் கேள்விதான் எனக்கு மனவேதனை தருவது. உங்கள் தம்பி மாதச் சந்தா கட்டியிருப்பார். நீங்கள் வங்கி அட்டையைக் காட்டியிருப்பீர்கள், அல்லது வேறொரு நிறுவனத்தின் அட்டையைத் தொட்டிருப்பீர்கள். 42 யூனிட் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். யூனிட் 40 சென்ட் என்றால் 16 யூரோ 80 சென்ட். 75 சென்ட் என்றால் 31 யூரோ 50. மின்சாரமும் வயரும் ஒன்றுதான். புதிதாக வருகிறவரும் வயதானவர்களும்தான் கூடக் கட்டுகிறார்கள். இது நியாயமே இல்லை.

சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. 2024 ஏப்ரல் 13க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பொது இடத்தில் புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்கள் வங்கி அட்டையை ஏற்க வேண்டும், யூனிட் விலையையும் காட்ட வேண்டும். முக்கிய நெடுஞ்சாலைகளில் உள்ள பழையவற்றுக்கு 2027 தொடக்கம் வரை கெடு. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, அதனால் இது அங்கே செல்லாது.

விடுமுறை மாதத்துக்கு மட்டும் ஒரு சந்தா எடுங்கள். வந்ததும் நிறுத்திவிடுங்கள். எடுப்பதற்கு முன் எந்த மாதமும் நிறுத்தலாமா என்று வாசியுங்கள், சிலது வருடக் கணக்கில் கட்டிப்போடும். இரண்டு முறை நீண்ட தூரம் போய் வந்தாலே கட்டிய காசு திரும்பிவிடும். சார்ஜ் முடிந்தும் காரை அங்கேயே விட்டால் நிமிடக் கணக்கில் தண்டம் போடுகிற இடங்களும் உண்டு. போனில் அறிவித்தல் வந்ததும் எழும்பிப் போய்விடுங்கள்.

கேள்வி: அக்கா, ஒஸ்லோவிலிருந்து துரொண்ட்ஹைமுக்கு மார்கழியில் போக வேண்டும். பனிக்காலத்தில் எவ்வளவு குறையும்? – ஒரு வாசகர், நோர்வே

பதில்: உங்கள் நாட்டில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். வழிநெடுக சார்ஜர் இருக்கும், அதில் கவலை வேண்டாம். ஆனால் டோவ்ரே மலையில் வீதி 1000 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. கோடையில் 350 ஓடும் காரை அங்கே 230 என்று கணக்குப் போட்டு நடவுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தைமாத இரவு, பின்னால் அம்மா, 6 சதவீதத்தோடு ஒரு நிலையத்துக்குப் போய் இறங்கினேன். நான்கு சார்ஜர். நான்கின் திரையும் இருட்டு. அடுத்தது 28 கிலோமீட்டர். ஹீட்டரை நிறுத்தி, அம்மாவுக்கு என் ஜாக்கெட்டையும் போர்த்து, லொறிகளுக்குப் பின்னால் 80இல் ஓடினேன். 1 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கந்தசஷ்டி கவசத்தை மட்டும் இரண்டாம் தரம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து குளிர்காலத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை.

காரை வயர் கழற்றுவதற்கு முன்னமே சூடாக்குங்கள், அந்தச் சூடு வீட்டு மின்சாரத்தில் போகட்டும். போகும் சார்ஜ் நிலையத்தைக் காரின் வரைபடத்திலேயே போடுங்கள். பெரும்பாலான புதுக் கார்கள் அதைப் பார்த்து வழியிலேயே பற்றரியைச் சூடாக்கும். குளிர்ந்த பற்றரி கரண்டை மெதுவாகத்தான் எடுக்கும். சார்ஜ் காணாது போலிருந்தால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். 130இல் காற்றின் எதிர்ப்பு 110இல் இருப்பதைவிட 40 சதவீதம் கூட.

கேள்வி: பழைய நிசான் லீஃபில் லண்டனிலிருந்து சுவிஸுக்குப் போகலாமா? – ஒரு வாசகர், லண்டன்

பதில்: வேண்டாம் தம்பி. அதற்கு சாடெமோ என்ற வேறு பிளக். புதிய நிலையங்களில் பலவற்றில் அது இல்லை. உள்ளூர் ஓட்டத்துக்கு அருமையான கார்.

கேள்வி: எனக்கு 64 வயது. அந்த வயரைத் தூக்கவே முடியவில்லை. போட்டாலும் “பிழை” என்று வருகிறது. தனியாகப் பயணம் போகலாமா? – ஒரு வாசகி, ஸ்டுட்கார்ட்

பதில்: போகலாம் அக்கா. அந்தப் பிழை உங்களுடையதில்லை. வயருக்குள் தடித்த செம்புக் கம்பி இருக்கிறது, சிலதில் குளிர்விக்கும் திரவமும் ஓடுகிறது. அந்தப் பாரம் பிளக்கைக் கீழே இழுக்கும், அடியில் உள்ள இரண்டு தடித்த முனைகளும் சரியாகப் பொருந்தாது. நிறுத்தும்போதே கார்த் துவாரம் சார்ஜருக்கு எவ்வளவு கிட்ட வருமோ அவ்வளவு கிட்ட நிறுத்துங்கள். வயரை ஒரு வளையமாகத் தோளில் போட்டால் பாரம் கையில் விழாது. பிளக்கைச் செருகியதும் விட்டுவிடாமல் ஒரு கையால் அடியிலிருந்து மேல்நோக்கித் தாங்கிப் பிடியுங்கள். பத்து இருபது செக்கனில் “டக்” என்று பூட்டும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு கையை எடுங்கள். மழை நாளில் ஒரு சோடி ரப்பர் கையுறை வைத்திருங்கள், அந்த வயரில் வீதிச் சேறெல்லாம் ஒட்டியிருக்கும்.