சைக்கிள் நின்றால் செய்தியும் நிற்கும்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு முரசுமோட்டையில். அம்மாவுக்கு 63 வயது. 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்து மூச்சு விடுவதற்குள் பாராளுமன்றத் தேர்தல் வந்துவிட்டது. இரவு ஒரு மணிக்கும் அம்மா போனோடுதான் இருக்கிறார். பேஸ்புக் லைவ், யூடியூப், கனடாவில் இருந்து மாமா அனுப்பும் வோய்ஸ் மெசேஜ். நெஞ்சு படபடக்குது என்கிறார், பிறஷரும் கூடிவிட்டது. போனைப் பறித்து வைத்தேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. என்ன செய்ய?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, முதலில் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் தலைமுறைக்குச் செய்தி பொழுதுபோக்காக இருந்ததில்லை. எந்த றோட்டு திறந்திருக்கு, ஷெல் எந்தப் பக்கம் விழுகுது, மூட்டை கட்டுவதா இருப்பதா என்று செய்தி கேட்டுத்தான் முடிவெடுத்தோம். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடியதும் அரிசி, மா, சீனி தேடி ஓடிய நாட்களை அம்மா மறந்திருக்க மாட்டார். கேளாமல் விட்டால் ஆபத்து என்று உடம்பு பழகிவிட்டது. 2009இல் யுத்தம் முடிந்து 15 வருடம் ஆனாலும் அது விடவில்லை. நான் தாதியாக வேலை செய்த காலத்தில், தேர்தல் வந்தால் நித்திரை இல்லை என்று கிளினிக்குக்கு வரும் அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் "பார்க்காதேங்கோ" என்பது இருமுகிறவரிடம் இருமாதே என்பது மாதிரி.

தொண்ணூறுகளில் பற்றரி அரசாங்கம் தடைசெய்த பொருள், வன்னிக்குள் வராது. ஐயா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோ வயரை றேடியோவில் கொழுவுவார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை, அரை மணித்தியாலம். கை உளைந்து மெதுவாக்கினால் குரல் அமுங்கிப் போகும். "சுத்து பிள்ளை" என்று ஐயா அதட்டுவார். முடிந்ததும் சைக்கிளை நிமிர்த்துவார். அயலட்டைச் சனம் முற்றத்தில் இருந்து கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுக் கலையும். அப்புறம் படுக்கை. நிம்மதியாகப் படுத்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செய்தி அத்தோடு முடிந்தது, மற்ற நாள் 9.15 வரை. போனில் ஒரு லைவ் முடிய அடுத்தது தானாக ஓடுகிறது, சுற்றுகிறவருக்குக் கை உளைவதில்லை.

ஆகவே அம்மாவோடு இருந்து இரண்டு நேரம் பேசிக்கொள்ளுங்கள். காலைத் தேத்தண்ணியோடு ஒன்று, பின்னேரம் ஒன்று. நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள். இரவில் போன் சார்ஜ் ஏறுவது குசினியில். மாமாவின் வோய்ஸ் மெசேஜை நீங்கள் முதலில் கேளுங்கள். குடும்பக் குரூப்பை மியூட்டில் போட்டால் போதும். விலகினால் அதுவே தனித் தேர்தலாகிவிடும்.

அம்மா எதற்குப் பதறுகிறார் என்றும் கேட்டுப் பாருங்கள். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் யார் வெல்வார்கள் என்றா? அந்த 6 ஆசனமும் மன்னார், வவுனியா, முல்லைத்தீவுக்கு உரியவை. கிளிநொச்சி ஆட்களின் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். அங்கே 2020இல் 7, இம்முறை 6. அம்மா கையில் இருப்பது ஒரு கட்சிக்கு ஒரு புள்ளடியும் அந்தக் கட்சி வேட்பாளர்களுக்கு மூன்று விருப்பு வாக்கும். யாருக்கு என்பதை இப்போதே தீர்மானிக்கச் சொல்லுங்கள். தீர்மானித்தவருக்கு லைவ் பாதி தேவைப்படாது, இது என் சொந்த அனுபவம்.

நவம்பர் 11ஆம் திகதி நள்ளிரவோடு பிரசாரம் முடிய வேண்டும். ஒலிபெருக்கி ஓயும், போன் ஓயாது. அந்த இரண்டு நாளும் வதந்திதான் கூட வரும். 14ஆம் திகதி பின்னேரம் 4 மணிக்கு வாக்களிப்பு முடியும். விருப்பு வாக்கு விபரம் எப்படியும் கட்சி முடிவுக்குப் பிந்தித்தான். விடிய விடிய இருந்து பார்த்தாலும் பெட்டிக்குள் விழுந்தது மாறாது.

பிறஷரைத் தேர்தலின் தலையில் போட்டுவிட்டு இருக்காதீர்கள். கிளினிக் கொப்பியோடு இந்தக் கிழமையே கூட்டிப் போங்கள். பழைய நினைவுகள் வந்து நித்திரை குழம்பினால் 1926க்கு அடிக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பார்கள்.

கேள்வி: டொரொண்டோவில் இருக்கும் மச்சான் தினமும் எடுத்து, இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்கிறார். அவரிடம் வாங்கிய காசு வேறு இருக்கு. தலை வெடிக்குது.
– வாசகர், வவுனியா

பதில்: தம்பி, வெளிநாட்டில் இருந்து வாக்குப் போட எங்கள் சட்டத்தில் வழியில்லை. அந்த ஆதங்கத்தை அவர் உங்களிடம் இறக்குகிறார். கேளுங்கள், பிறகு வயலில் தண்ணி நிற்கிற கதையை எடுங்கள், அவரே அரை மணித்தியாலம் விசாரிப்பார். காசுக் கடன் வேறு, வாக்கு வேறு. புள்ளடி போட்டதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பயப்படாமல் மறுக்கலாம், வாக்களிப்பு நிலையத்துக்குள் போன் பாவிக்க விடமாட்டார்கள்.