2015-இல் வந்த சிண்ட்ரெல்லா படத்தை ஆறு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?

தாராளமாகக் காட்டலாம். மூலக்கதையில் ரத்தம் வருமே என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட வடிவம். செருப்புக்குள் கால் நுழைய மாற்றாந்தாயின் மகள்களில் ஒருத்தி விரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்வாள். கென்னத் பிரானா இயக்கிய படம், பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் வெளியிட்ட கண்ணாடிச் செருப்புக் கதையைத்தான் ஒட்டிப் போகிறது. வெட்டுக்குத்து கிடையாது.

ஆனால் கிரிம் கதையிலிருந்து ஒன்றை எடுத்திருக்கிறார்கள். வெளியூர் கிளம்பும் அப்பாவிடம் அந்தப் பெண் துணிமணி கேட்கவில்லை. வழியில் தோளை உரசும் முதல் கிளையைக் கேட்கிறாள். கிளை மட்டும்தான் வீடு திரும்புகிறது. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் பார்த்தபோது, அந்த இடத்தில் என் மகள் நகர்ந்து வந்து அவள் அப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா இறப்பதும் வரும். தனியாக விடாமல் கூடவே உட்கார்ந்து பாருங்கள்.