உதகைக் குளிரில் அணையும் டார்ச்

டிசம்பரில் உதகையில் வெள்ளி மோதிரம் செய்யும் பயிற்சி நடத்தப்போவதாகவும், ஒத்திகையில் பியூட்டேன் கைடார்ச்சின் சுடர் காலையில் சோர்ந்து அணைவதாகவும் எழுதியிருந்தீர்கள். டார்ச்சின் மேல் பிழையில்லை. பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரியில்தான் கொதிக்கும். பயிற்சிக் கொட்டகை அந்த அளவுக்குக் குளிர்ந்தால் வாயு எழும்பாது. பியூட்டேன் குப்பிகளை இரவில் வீட்டுக்குள் வையுங்கள். அடுப்பருகே சூடாக்கவே கூடாது. பத்துப் பேர் என்றால் புரோப்பேன் கலந்த எல்பிஜி டார்ச்தான் சரி. எவ்வளவு குளிரானாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய பொருள் பட்டியலில் வெண்காரம் இருக்கிறது, பொடியை, அதாவது பற்றவைக்க உருக்கும் உலோகக் கலவையை, காணோமே! பொடி வைத்துச் சுடரால் ஊதாமல் வளையம் எப்படி ஒட்டும்? காட்மியம் கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். செம்பு இடுக்கி ஒன்றும் வேண்டும். ஊதிய வெள்ளியைச் சுத்தம் செய்யப் பலமுறை பயன்படுத்திய அமிலக் கரைசலில் இரும்பு இடுக்கி பட்டால் வெள்ளிமேல் செம்பு படியும். எனக்கு ஒருமுறை அத்தனை மோதிரமும் ரோஜா நிறமாகிவிட்டது. அரமும், கம்பி இழுக்கும் கம்பியச்சும் பழைய பத்தர் யாரிடமாவது இரவல் கேட்டுப் பாருங்கள்.