எல்லோரும் கொண்டாடும் படங்களைப் பற்றி உங்கள் மனதில் பட்டது என்ன?

கேட்டதால் சொல்கிறேன், எனக்கு 'அன்பே சிவம்' பாதிதான் பிடிக்கும். 2003 பொங்கலுக்கு வந்தபோது ஓடாத படம், அப்புறம் டிவியில் போட்டுப் போட்டே ஊர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மழையில் புவனேஸ்வரில் மாட்டிக்கொண்ட கமலும் மாதவனும் பேசும் இடமெல்லாம் தங்கம். அதிலும் விபத்தில் அடிபட்ட ஒரு பையன் ஆம்புலன்ஸில் இறந்ததும், முன்பின் தெரியாத ஒருவனுக்காக மாதவன் உடைந்து அழும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது. ஆனால் நடுவில் வரும் காதல் கதை ஒரே இழுவை. நாசர் நடித்த முதலாளியையும் இவ்வளவு கெட்டவனாகக் காட்டியிருக்க வேண்டாம்.

'96' (2018) எனக்கு முழுசாகவே பிடித்த படம். ரொம்ப மெதுவாகப் போகிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். சரிதான், ஆனால் அந்த மெதுவில்தான் படமே இருக்கிறது. பள்ளிக்காலம் முழுக்க ராம் (விஜய் சேதுபதி) ஏங்கியும் ஜானு (த்ரிஷா) பாடாமலே விட்ட 'யமுனை ஆற்றிலே' பாட்டை, கரண்ட் போன வீட்டில் திடீரென்று த்ரிஷா பாட ஆரம்பிக்க, விஜய் சேதுபதி அந்த இருட்டில் விளக்கைத் தேடித் தட்டுத் தடுமாறி ஓடி வருவார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே மூன்று தடவை பார்த்தேன்.