'பெரிய மாற்றம் இல்லை' என்று வந்த பயாப்சிக்கு இன்னொரு பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. சின்ன வயதிலிருந்தே எப்போது சிறுநீர் டெஸ்ட் எடுத்தாலும் ரத்த அணுக்கள் இருப்பதாக வருகிறது. கண்ணால் பார்த்தால் சிவப்பாக எதுவும் தெரியாது. ஒரு வருடமாகப் புரதமும் போகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை நார்மல். போன மாதம் சிறுநீரகத்தில் பயாப்சி எடுத்தார்கள். 'பெரிய மாற்றம் இல்லை, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் பரிசோதனை தேவை' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மறுபடியும் ஊசி குத்துவார்களா? ஒன்றும் இல்லை என்ற பிறகு இது எதற்கு? என் தம்பிக்கு 30 வயதுக்குள்ளேயே சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடந்தது, அவனுக்குக் காதும் சரியாகக் கேட்காது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் கடைசியில் தம்பியைப் பற்றி எழுதியிருப்பதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான தகவல். மகனைப் பார்க்கும் நெஃப்ராலஜிஸ்ட்டிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் உடனே சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஊசி விஷயம்.

பெரும்பாலும் மறுபடி குத்த வேண்டியிருக்காது. பயாப்சியின்போதே நூல் மாதிரி மெலிதான இரண்டு மூன்று துண்டுகள் எடுப்பார்கள். அதில் ஒரு பங்கு ஃபார்மலினில் போய்ச் சாதாரண மைக்ரோஸ்கோப்புக்குப் போகும். இன்னொரு பங்கு, எதிர்ப்புப் புரதங்கள் படிந்திருக்கின்றனவா என்று ஒளிரும் சாயம் போட்டுப் பார்ப்பதற்கு. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சின்னத் துணுக்கை குளுட்டரால்டிஹைடு என்ற திரவத்தில் தனியாக எடுத்து வைப்பார்கள். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கானது அதுதான். அப்படி வைத்திருக்கிறார்களா என்று லேபில் கேளுங்கள். வைக்காமல் விட்டிருந்தால் மெழுகில் பதித்த துண்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த வழியில் போகும் திசு சுருங்கிவிடும், சிறுநீரக வடிகட்டியின் சவ்வு எவ்வளவு தடிமன் என்று அளந்தால் நம்ப முடியாது. உங்கள் மகன் விஷயத்தில் தெரிய வேண்டியதே அந்தத் தடிமன்தான்.

சரி, ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு எதற்கு? சாதாரண மைக்ரோஸ்கோப் ஒளியை வைத்து வேலை செய்வது. சுமார் 200 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. சிறுநீரக வடிகட்டியின் அடித்தளச் சவ்வோ, பெரியவர்களுக்கே 300 முதல் 400 நானோமீட்டர் தடிமன்தான். அதாவது சவ்வு ஒரு கோடாகத் தெரியும், அந்தக் கோட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது. ரிப்போர்ட்டில் 'மாற்றம் இல்லை' என்றால், அந்தக் கருவிக்குத் தெரிகிற அளவில் மாற்றம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குத் திசுவை ரெசினில் இறுக வைத்து, வைரக் கத்தியால் 100 நானோமீட்டருக்கும் மெலிதாகச் சீவ வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை, எல்லா லேபிலும் கருவியும் இருக்காது. முடிவு தாமதமானால் பதற வேண்டாம்.

உங்கள் மகனுக்கு என்ன தேடுகிறார்கள்? சவ்வு முழுக்க ஒரே சீராக மெலிந்திருக்கிறதா, அல்லது ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, ஏடு ஏடாகப் பிரிந்து கிடக்கிறதா என்று. இரண்டாவது, ஆல்போர்ட் நோயின் அடையாளம். சவ்வைக் கட்டுகிற நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தில் பிறவியிலேயே உள்ள குறை இது. அதே கொலாஜன் உள்காதிலும் கண்ணிலும் இருப்பதால் இந்த நோயில் காது மந்தமாவதும் உண்டு. அதிகம் காணப்படும் வகை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. தாய்மாமனுக்கும் அவருடைய அக்கா மகனுக்கும் வந்து, நடுவில் அம்மா நன்றாக இருப்பது அதில் வழக்கம். கடிதத்தை வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. ஆனால் தம்பியின் கதை தெரிந்தால் திசுவை ஆராயும் பாத்தாலஜிஸ்ட் பார்க்கிற பார்வையே மாறும். பயாப்சி படிவத்தில் 'சிறுநீரில் ரத்தம்' என்று இரண்டு சொல் மட்டும் எழுதி அனுப்புகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அது நல்லதல்ல. இளம் வயதில் ஆல்போர்ட்டும் வெறும் மெல்லிய சவ்வாகவே தெரியலாம். குடும்ப வரலாறு இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தால் 'பயமில்லை' என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு.

படம் தனியாகப் பேசாது என்பதற்கு இன்னொரு உதாரணம் ஃபேப்ரி நோய். ஒரு என்சைம் குறைவதால் செல்களுக்குள் கொழுப்பு சேர்ந்து, வரிவரியாக, வரிக்குதிரைத் தோல் போலத் தெரியும். பார்த்தால் மறக்காது. ஆனால் மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் கொடுக்கிற ஹைட்ராக்ஸி குளோரோகுயினை நீண்ட நாள் சாப்பிட்டவருக்கும் கிட்டத்தட்ட அதே வரிகள் வரலாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் அங்கே நோயின் பெயரைச் சொல்லக் கூடாது.

மரபணுப் பரிசோதனை போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். ஆல்போர்ட் சந்தேகம் வலுவாக இருந்தால் இப்போது பலர் அதிலிருந்தே தொடங்குகிறார்கள், பயாப்சியே தேவைப்படாமல் போவதும் உண்டு. என்றாலும் 'மாற்றம் இருக்கிறது, அர்த்தம் தெளிவில்லை' என்று சில முடிவுகள் வரும். அப்போது இந்தப் படம் கைகொடுக்கும். உங்களிடம் திசு ஏற்கெனவே இருப்பதால் நான் இரண்டையும் செய்யச் சொல்வேன்.

பெயர் தெரிந்து என்ன லாபம்? முதலில், ஆல்போர்ட்டுக்கு ஸ்டீராய்டு பலன் தராது, வீணாகக் கொடுக்காமல் தவிர்க்கலாம். அப்புறம், ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மருந்துகளைக் கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே தொடங்கினால் டயாலிசிஸ் தேவைப்படும் காலத்தைப் பல வருடங்கள் தள்ளிப்போடலாம். புரதம் போவதால் ஒருவேளை இப்போதே தொடங்கியிருப்பார்கள். ரிப்போர்ட் நார்மல் என்று நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மகனுக்கு ஆடியோகிராம் என்ற செவித்திறன் பரிசோதனை எடுங்கள். முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகள், அதனால் வீட்டில் பேசுவதெல்லாம் அவனுக்கு நன்றாகவே கேட்கலாம். கண்ணையும் ஒருமுறை காட்டுங்கள். நீங்களும் சிறுநீர் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள், மகள் இருந்தால் அவளுக்கும். இந்தக் குறையுள்ள பெண்களை 'நோயைக் கடத்துபவர்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது முன்பு வழக்கம். அவர்களிலும் சிலருக்குப் பின்னாளில் சிறுநீரகம் கெடுகிறது என்று இப்போது தெரியும். உங்கள் சிறுநீரிலும் ரத்த அணுக்கள் இருந்தால் வருடம் ஒருமுறை புரதமும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.